ஆபத்தே இல்லாத இருட்டு ஏன் நம்மை நிறுத்தி வைக்கிறது? – பர்க், காண்ட், கொச்சிக்கடைக் கோயில்

கொச்சிக்கடையான் – வெள்ளி, இரவு 9:12

சிந்தனையாளர் எட்மண்ட் பர்க் 1757 இல் வெளியிட்ட சப்ளைம் (sublime, நம்மைத் திகைத்து நிற்கவைக்கும் மேன்மை), அழகு பற்றிய ஆய்வைப் படித்து முடித்தேன். அதில் ஒரு இடம் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே படித்தவர்கள் இருப்பீர்கள், கதைப்போம்.

படிக்காதவர்களுக்காகச் சுருக்கம். அழகு நம்மை இளக வைக்கும் என்கிறார் பர்க். சிறியது, வழுவழுப்பானது, மெல்ல மெல்ல வளைவது, மென்னிறம் கொண்டது எல்லாம் அழகு. சப்ளைம் இதற்கு நேர் எதிர். பேரளவு, இருள், வெறுமை, முடிவின்மை, பேரோசை, அதிகாரம். இவற்றின் முன்னால் மனம் அந்த ஒன்றாலேயே நிரம்பி, வேறொன்றை நினைக்க இடமில்லாமல் நின்றுவிடும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது பயம் என்பதுதான் அவருடைய முடிவு. ஆபத்து நேரே தலையில் விழுந்தால் அது வெறும் பயங்கரம். கொஞ்சம் தள்ளி நின்றால் அதே பயம் ஒருவகை இன்பமாகிறது.

இப்போது என் பிரச்சினை. கொழும்பு கொச்சிக்கடை பொன்னம்பலவாணேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரியும். 1857 இல் பொன்னம்பல முதலியார் கட்டியது. அவருடைய மகன் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இல் தொடங்கி முழுக்கக் கருங்கல்லில் திரும்பக் கட்டினார். வெளியே துறைமுகத்துக் கொள்கலன் லொறிகள், புழுதி, கண் கூசும் வெயில். வாசலைத் தாண்டினால் இருட்டு. கண் பழக ஒரு நிமிஷமாவது ஆகும். அதுவரை கால் கல்லின் குளிரை உணரும், காதில் மணி விழும், தூரத்தில் ஒரு விளக்கு மட்டும் தெரியும். பிறகுதான் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருட்டிலிருந்து வெளியே வரும்.

ஆச்சரியம் என்னவென்றால், பர்க் இதைக் கோயிலைக் காணாமலே எழுதியிருக்கிறார். கட்டடத்துக்குள் நுழைகிறவனை உலுக்க வேண்டுமென்றால், மிகுந்த வெளிச்சத்திலிருந்து, பயன்பாட்டுக்கு இடைஞ்சல் இல்லாத அளவு இருட்டுக்குள் அவனைக் கொண்டுவர வேண்டும் என்கிறார். ஒரே வடிவத் தூண்கள் வரிசையாக வந்தால், கண் நின்ற பிறகும் கற்பனை நிற்காமல் அந்த வரிசையை நீட்டிக்கொண்டே போகும் என்றும் சொல்கிறார். கிறிஸ்தவம் அல்லாத பழைய சமயங்களின் கோயில்கள் ஏறக்குறைய எல்லாமே இருட்டாக இருந்தன என்று ஒரு வரியும் உண்டு.

கவனித்ததெல்லாம் சரி. ஆனால் பயம் எங்கே? சின்ன வயதிலிருந்து அம்மாவின் கையைப் பிடித்துப் போன இடம். அங்கே எனக்கு எந்த ஆபத்தும் இல்லை. இருந்தும் ஒவ்வொரு முறையும் கால் தயங்கி நிற்கிறது. பர்க் இதற்குச் சொல்லும் விடை: இருட்டில் கண்மணி விரிகிறது, அதனால் கண்ணின் நார்கள் இழுபட்டு வலிக்கிறது, வலியும் பயமும் உடம்பில் ஒரே வேலையைச் செய்பவை, ஆகவே இருட்டு பயம்தான். எல்லாவற்றையும் ஒரே வேரில் கொண்டுபோய்க் கட்டவேண்டும் என்ற பிடிவாதம் என்றே இதைப் பார்க்கிறேன். உங்கள் கருத்து?

---

சாலினி – வெள்ளி, இரவு 10:05

இருட்டைப் பற்றி எழுதிய நீங்கள் கருமையைப் பற்றி அவர் எழுதியதை விட்டுவிட்டீர்களே. இருட்டைப் பற்றிச் சொல்லும் அதே நான்காம் பாகத்தில்தான் இருக்கிறது. பிறவியிலேயே பார்வையில்லாத ஒரு சிறுவனுக்கு செசெல்டன் என்ற மருத்துவர் சத்திரசிகிச்சை செய்கிறார். பார்வை வந்த பிறகு அவன் முதலில் ஒரு கருப்புப் பொருளைக் கண்டு சங்கடப்படுகிறான். சில மாதம் கழித்துத் தற்செயலாக ஒரு கருப்பினப் பெண்ணைக் கண்டு பீதியடைகிறான். கருமை இயல்பிலேயே பயங்கரமானது என்பதற்கு பர்க் காட்டும் சாட்சி இது. அந்தப் பெண்ணுக்குப் பெயரில்லை, அவள் என்ன நினைத்தாள் என்று ஒரு சொல் இல்லை.

கண் நார் இழுபடும் கதையை விட இதுதான் எனக்குப் பெரிய ஓட்டை. எண்ணெய்க்காப்பு சாத்திய கருங்கல் அம்மனின் முகத்தில் கற்பூரச் சுடர் ஓடும்போது மினுங்குமே, அதை அழகென்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். கருமை எங்கள் கண்ணை வலிக்கச் செய்ததில்லை. தான் பிறந்த ஊரின் வளர்ப்பை மனித இயல்பு என்று எழுதிவிட்டார் பர்க்.

அழகைப் பற்றி அவர் சொல்வதும் இதே ரகம். பெண்ணின் கழுத்து, மார்பு, மென்மை, பலவீனம். பலவீனம் அழகுக்குத் துணை என்பதைப் பெண்கள் தெரிந்து வைத்திருப்பதால்தான் நாக்குழறவும் தள்ளாடி நடக்கவும் பழகுகிறார்களாம். பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1790 இல் இதைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேட்டார்: சிறுமையும் பலவீனமும்தான் அழகின் சாரம் என்று சொல்லிக் கொடுத்தால், பெண்கள் அறத்தையும் அறிவையும் வளர்த்துக்கொள்வது எப்படி?

எங்கள் பக்கத்தில் கண்ணகியை எந்தப் பெட்டியில் போடுவார் பர்க்? சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் வாயிற்காவலன் ஓடிவந்து சொல்வதைப் பாருங்கள். கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே வந்து, "பொற்றொழிற் சிலம்பொன் றேந்திய கையள், கணவனை இழந்தாள் கடையகத் தாளே" என்று முடிக்கிறான். வாசலில் நிற்பது ஒரு பெண், கையில் ஒரு சிலம்பு. அவ்வளவுதான். அரசன் உயிரை விடுகிறான்.

---

நிரோஷ் – வெள்ளி, இரவு 10:40

ஒரு சின்னக் கேள்வி. தாமரைக் கோபுரம் சப்ளைமா? 350 மீற்றருக்கு மேல். கொழும்பில் எங்கே நின்றாலும் தெரிகிறது.

---

பேராதனைப் பட்டதாரி – வெள்ளி, இரவு 11:20

நிரோஷ், உயரம் மட்டும் போதாது. ஆழத்தை விட உயரம் நம்மைக் குறைவாகவே தாக்குகிறது என்பது பர்க்கின் கணிப்பு, அவரும் அதை உறுதியாகச் சொல்லவில்லை. ஜெர்மன் தத்துவஞானி காண்ட் 1790 இல் எழுதிய மூன்றாம் விமர்சனம் என்ற நூலில் பிரமிட்டுகளைப் பற்றி ஒரு குறிப்பு இருக்கிறது. மிகக் கிட்டவும் போகக்கூடாது, மிகத் தள்ளியும் நிற்கக்கூடாது. தள்ளி நின்றால் கற்கள் தெரியாது. கிட்டப் போனால் அடியிலிருந்து நுனிவரை கண் ஏறி முடிவதற்குள் அடிப்பகுதி நினைவிலிருந்து நழுவிவிடும். நழுவும் அந்த இடத்தில்தான் திகைப்பு. தாமரைக் கோபுரத்தை ஒரே பார்வையில் முழுதாகப் பிடித்துவிடலாம், பச்சைத் தண்டும் ஊதாப் பூவுமாக. கண் எங்கும் தோற்பதில்லை. எனக்கு அது உயரமான கட்டடம், அவ்வளவே.

கொச்சிக்கடையான் அண்ணையின் கேள்விக்கு: பயத்திலிருந்து வெளியே வரும் வழியைக் காண்ட் காட்டிவிட்டார். பர்க்கை அவர் மதித்துத்தான் மறுத்தார். உடம்பில் என்ன நடக்கிறது என்று பர்க் நன்றாகக் கவனித்திருக்கிறார், ஆனால் "இது எல்லோருக்கும் இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று நாம் கோருகிறோமே, அந்தக் கோரிக்கைக்கு உடலியல் ஆதாரமாகாது என்றார். காண்டுக்கு சப்ளைம் பொருளில் இல்லை. பொங்கும் கடல், இடிமேகம், எரிமலை எல்லாம் நம் உடம்பை ஒன்றுமில்லாமல் ஆக்கக்கூடியவை. அவற்றின் முன்னால் நிற்கும்போது, இயற்கை தொடமுடியாத ஒன்று நமக்குள் இருக்கிறது என்று கண்டுகொள்கிறோம். நமது அறிவு, அறத்தைத் தேர்ந்துகொள்ளும் நமது சுதந்திரம். கோயிலில் உங்களை நிறுத்துவது பயமல்ல அண்ணை. எல்லையில்லாததை நினைக்கக்கூடிய உங்கள் மனமே உங்களை நிறுத்துகிறது.

ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார். பார்ப்பவர் பாதுகாப்பான இடத்தில் இருக்க வேண்டும்.

---

மருதமுனையான் – சனி, காலை 6:50

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம். நான் தத்துவம் படிச்சவன் இல்ல, தெமட்டகொடையில சாமான் கடை வச்சிரிக்கன். கடைசி வரிக்கு மட்டும் எழுதணும் எண்டு தோணுது.

2004 டிசம்பர் 26, சுனாமி. ஓ.எல். சோதினை எழுதி முடிச்சிட்டு ஊர்ல நிண்ட நேரம். கடல் முழுசா எழும்பி வந்திச்சி, கறுப்பா. அம்பாறை மாவட்டத்துல மட்டும் பத்தாயிரத்துக்கு மேல மவுத்து. அண்டைக்கு எனக்குள்ள இயற்கை தொடமுடியாத ஒண்டு இரிக்கு எண்டு எதுவும் விளங்கல்ல. ஓடினன், அவ்வளவுதான்.

தம்பி சொல்ற பாதுகாப்பு எண்டா என்ன? அது உண்மையா, இல்ல நாம நினைச்சுக்கிறதா? அண்டு காலையில களுத்துறைக் கடல் உள்வாங்கி நிக்கிற செய்மதிப் படம் எல்லாரும் பாத்திருப்பீங்க. எத்தனையோ ஊர்ல ஆக்கள் வத்தின கடலைப் பாக்க இறங்கிப் போனாங்க. வாழ்நாள்ல காணாத காட்சி, கடலுக்கடியில கிடந்த கல்லெல்லாம் வெளிய தெரியுது. அந்த நேரம் அவங்களுக்குப் பயமில்ல, பாதுகாப்பா இரிக்கம் எண்டுதான் நினைச்சாங்க. காண்ட் சொல்றபடி பாத்தா அவங்க எல்லாம் சரியான இடத்துலதான் நிண்டாங்க.

பின்னேரம் காலிமுகத்திடல்ல இஸ்ஸோ வடையோட நிண்டு அலை பாக்கிறவங்கள நான் குறை சொல்லல்ல. எனக்கு அது முடியாது, அதத்தான் சொல்றன்.

---

கொச்சிக்கடையான் – சனி, காலை 8:15

நானா, எழுதியதற்கு நன்றி. நீங்கள் கேட்டது காண்டின் அடிமடியிலேயே கை வைக்கிற கேள்வி.

பர்க்கிடமும் இதற்குப் பக்கத்தில் ஒரு இடம் இருக்கிறது. லண்டன் நகரம் நெருப்பிலோ நிலநடுக்கத்திலோ அழிய வேண்டும் என்று விரும்பும் அளவுக்குக் கெட்டவன் எவனும் இருக்கமாட்டான். ஆனால் அப்படி அழிந்துவிட்டால், இடிபாட்டைப் பார்க்க எவ்வளவு கூட்டம் கூடும்! லண்டன் நன்றாக இருந்த காலத்தில் அதைப் பார்க்க நினைக்காதவர்கள் கூட அதில் இருப்பார்கள் என்கிறார். சுனாமியில் பெரலியவில் கவிழ்ந்த சமுத்திரதேவி ரயிலின் பெட்டிகளைப் பார்க்க எத்தனை வாகனங்கள் வந்து நின்றன. கோட்டையிலிருந்து காலையில் புறப்பட்ட ரயில், ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அதில் செத்தார்கள். போர் முடிந்த 2009 க்குப் பிறகு வன்னிக்கு பஸ் பிடித்துப் போனவர்களையும் நாம் பார்த்தோம்.

பர்க் இந்தக் கூட்டத்தைக் கண்டிக்கவில்லை. அடுத்தவர் துயரத்தைப் பார்ப்பது வெறும் வேதனையாக மட்டும் இருந்தால் எல்லோரும் விலகி ஓடிவிடுவார்கள், ஒருவித ஈர்ப்பு இருப்பதால்தான் கிட்டப் போகிறோம், போனபின் உதவவும் செய்கிறோம், இது இறைவன் வைத்த ஏற்பாடு என்கிறார். எனக்கு இது பாதிதான் உண்மை. சுனாமிக்கு மறுநாளே லொறியில் அரிசியும் பாயும் ஏற்றிப் போனவர்கள் உண்டு, பெட்டியின் முன்னால் படம் எடுத்துவிட்டுத் திரும்பியவர்களும் உண்டு. ஈர்ப்பு ஒன்றே, விளைவு இரண்டு. இரண்டையும் பிரிப்பது எது என்று பர்க் சொல்லவில்லை.

---

பேராதனைப் பட்டதாரி – சனி, முற்பகல் 10:30

நானா, உங்கள் இழப்புக்கு முன்னால் நான் எழுதியது இலேசாகப் பட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் காண்டை அப்படியே விட்டுவிட மனமில்லை.

1755 நவம்பர் 1 லிஸ்பன் நிலநடுக்கத்தில் நகரம் விழுந்தது, பின்னால் கடலும் வந்தது. அடுத்த வருடமே காண்ட் நிலநடுக்கம் பற்றி மூன்று கட்டுரை எழுதினார். கடவுளின் தண்டனை என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தபோது, இது நிலத்தடிக் காரணங்களால் வருவது, மனிதன் இயற்கைக்கு ஏற்பத் தன்னை அமைத்துக்கொள்ளப் பழகவேண்டும் என்றார். பேரழிவைக் காட்சியாக மட்டும் பார்த்தவர் அல்லர். ஆபத்தில் நிற்கிறவனுக்கு சப்ளைம் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று அவரே எழுதுகிறார். ஓடின உங்களிடம் அவர் எதையும் கேட்கவில்லை.

---

சாலினி – சனி, முற்பகல் 11:02

ஓடினவரிடம் கேட்கவில்லை, சரி. ஆனால் ஓடாமல் அங்கேயே வாழ்கிறவர்களை என்ன சொல்கிறார்? பனிமலையை விரும்பிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்று சொன்ன ஆல்ப்ஸ் மலைப் பகுதியான சவோய் நாட்டு விவசாயியை எடுத்துக்காட்டி, பண்பாட்டால் பக்குவப்படாதவனுக்கு சப்ளைம் வெறும் பயங்கரமாகவே தெரியும் என்கிறார். அந்த விவசாயிக்கு மலையில் செத்தவர்களைத் தெரியும். பார்க்க வந்தவருக்குத் தெரியாது. முகத்துவாரத்தில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், கடலுக்குப் போவதா விடுவதா என்று கரையில் நின்று மேகம் பார்க்கிற மீனவரைப் பக்குவமில்லாதவர் என்று யார் சொல்வது? கரையோர ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து கொள்ளுப்பிட்டியிலிருந்து கல்கிசை வரை அலையை ரசிக்கிற நான் சொல்வதா?

---

பேராதனைப் பட்டதாரி – சனி, முற்பகல் 11:25

அதே பக்கத்தில், இந்த உணர்வைப் பண்பாடு உண்டாக்கவில்லை, அதன் அடித்தளம் எல்லா மனிதரிடமும் உள்ள அற உணர்வு என்றும் சொல்கிறார். அதையும் சேர்த்துப் படிக்க வேண்டும் அக்கா. மற்றபடி அந்த விவசாயியை அவர் நடத்திய விதத்தை நான் காப்பாற்ற வரவில்லை.

---

மருதமுனையான் – சனி, பிற்பகல் 2:10

தம்பி, பொறுக்கிறதுக்கு ஒண்டுமில்ல. படிச்ச பிள்ளை எழுதணும்தான்.

இன்னொண்டு சொல்லிட்டுப் போறன். கனகாலம் கடல் பக்கமே போகல்ல. இப்ப பிள்ளைகள் கேக்குதுகள் எண்டு கல்கிசைக்குக் கூட்டிட்டுப் போவன். நான் தூரத்துல கண்ணைப் போடுறதில்ல, காலடியத்தான் பாப்பன். சின்ன நண்டு ஒண்டு குழிக்குள்ள இருந்து மணலை அள்ளிட்டு வந்து வெளிய வீசும். உடம்பு மணல் நிறம். நிண்டா தெரியாது, அசைஞ்சாத்தான் தெரியும். அலை வந்து குழிய மூடிட்டுப் போகும். கொஞ்ச நேரத்துல அதே இடத்துல மணல் அசையும், திரும்பத் தோண்டிட்டு வெளிய வரும். அங்க நான் அப்படியே நிண்டு போவன், பிள்ளைகள் கையைப் புடிச்சி இழுக்கிற வரைக்கும். கடலுக்கு வராத உணர்வு எனக்கு இதுக்கு வருது. இது பர்க் சொல்ற அழகா, மற்றதா, நீங்கதான் சொல்லணும்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), வெள்ளவத்தை – சனி, மாலை 5:30

அன்பர்களே, இழையை முதலிலிருந்து வாசித்தேன். மருதமுனைத் தம்பியின் கேள்விக்குத் தொல்காப்பியர் நேரே விடை சொல்கிறார் என்பதால் எழுதுகிறேன்.

மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகள், அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்வுகள். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பர்க் ஒன்றாகக் கட்டிய இரண்டை இங்கே தனித்தனியே வைத்திருப்பதைக் கவனியுங்கள். அச்சம் வேறு, மருட்கை (வியப்பு) வேறு. அச்சம் பிறக்கும் நிலைக்களன் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. மருட்கைக்கு வேறு நான்கு:

"புதுமை பெருமை சிறுமை ஆக்கமொடு
மதிமை சாலா மருட்கை நான்கே."

இதுவரை காணாதது, பேரளவானது, மிகச் சிறியது, ஒன்று இன்னொன்றாக மாறுவது. இவை நான்கிலிருந்தும் வியப்பு பிறக்கும். இதில் ஆபத்து எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. கொச்சிக்கடைத் தம்பியைக் கோயில் வாசலில் நிறுத்துவதற்குப் பயத்தைத் தேடவேண்டியதில்லை. பெருமை போதும், வெயில் இருட்டாக மாறுகிற ஆக்கம் போதும்.

அதைவிட முக்கியம், சிறுமையும் இந்தப் பட்டியலில் இருப்பது. பர்க் சிறியதை எல்லாம் அழகின் பக்கம் தள்ளிவிட்டார். சிறியது நமக்கு அடங்கும், அடங்குவதை நேசிக்கிறோம், பெரியதற்கு நாம் அடங்குகிறோம் என்பது அவர் கணக்கு. மணலிலிருந்து திரும்பவும் வெளியே வருகிற நண்டு யாருக்கு அடங்கியது? அரசனுடைய வாசலில் நின்றவள் கையில் இருந்ததும் ஒரு சிலம்புதானே, சாலினி பிள்ளை. பர்க்கின் இரண்டு பெட்டியும் கொள்ளாத அனுபவங்களுக்குத் தொல்காப்பியரின் சூத்திரத்தில் இடமிருக்கிறது.

---

பேராதனைப் பட்டதாரி – சனி, இரவு 8:45

ஐயா, பணிவோடு ஒரு மறுப்பு. நூற்பா உணர்வுகளை வகைப்படுத்துகிறது. அது ஏன் நமக்கு இன்பமாக, மேலான ஒன்றாகப் படுகிறது என்பதை விளக்கவில்லை. காண்ட் விளக்குகிறார். கற்பனை தோற்கிறது, அந்தத் தோல்வியிலேயே அறிவு தன் உயரத்தைக் காண்கிறது. முதலில் வலி, பின்னர் இன்பம்.

---

தமிழாசிரியர் (ஓய்வு), வெள்ளவத்தை – ஞாயிறு, காலை 7:20

விளக்கம் கேட்பது நியாயம். அந்த இரண்டாம் அடியையே திரும்பப் பாருங்கள் தம்பி, "மதிமை சாலா". அறிவு அங்கே போதாமல் நிற்கிறது. காண்டிடம் கற்பனைதான் தோற்கிறது, அறிவு கடைசியில் வென்று மேலே நிற்கிறது. இங்கே அறிவே போதவில்லை. அதற்குப் பிறகு வெற்றி எதையும் நூற்பா சொல்லவில்லை, தோல்வி என்று வருந்தவும் இல்லை.

சம்பந்தரின் திருக்கோணமலைப் பதிகம் முதற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்:

"கரைகெழு சந்துங் காரகிற் பிளவும்
அளப்பருங் கனமணி வரன்றிக்
குரைகடல் ஓதம் நித்திலங் கொழிக்கும்
கோணமா மலையமர்ந் தாரே."

திருகோணமலைச் செங்குத்துப் பாறையில் ஏறிக் கீழே பார்த்தவர்களுக்கு "குரைகடல்" எதுவென்று சொல்ல வேண்டாம். ஆழம் காலை நடுங்க வைக்கும். அந்த முழங்குகிற கடல் பாட்டில் என்ன செய்கிறது? சந்தனத்தையும் அகிலையும் மணியையும் வாரிக்கொண்டு வந்து முத்தைக் கரையில் கொழிக்கிறது. பேரோசையும் பேரளவும் ஒரு பக்கம், உள்ளங்கையில் அடங்கும் வழவழப்பான முத்து மறுபக்கம். பர்க் எதிரெதிரே நிறுத்தியவை ஒரே அலையில் வருகின்றன. பாடுகிறவர் "எனக்குள் கடலைவிடப் பெரியது இருக்கிறது" என்று தன்னிடம் திரும்பவும் இல்லை. மலையில் அமர்ந்தவரிடமே நின்றுவிடுகிறார்.

---

சாலினி – ஞாயிறு, காலை 9:00

ஐயா, இதோடு ஒன்று சேர்க்கலாம். கருங்கல்லில் அந்தக் கோயிலைக் கட்டுவித்த இராமநாதனுக்குக் கலை ஆய்வாளர் ஆனந்த குமாரசுவாமி மைத்துனர் முறை, தாய்மாமன் முத்துக் குமாரசுவாமியின் மகன். 1877 இல் கொழும்பில் பிறந்து பிற்காலத்தில் பொஸ்டன் அருங்காட்சியகத்தில் வேலை செய்தவர். நம்முடைய சிற்பம் கண்ணை மகிழ்விக்கச் செய்யப்பட்டதல்ல, தியானத்துக்கும் வழிபாட்டுக்கும் பயன்படச் செய்யப்பட்டது என்று வாழ்நாள் முழுக்க எழுதினார். கொச்சிக்கடை இருட்டு யாருக்காவது காட்டுவதற்காகக் கட்டிய காட்சி இல்லை. கருவறைச் சுடரை நோக்கி நடக்கக் கட்டியது. பர்க்கும் காண்டும் ஒரு பார்வையாளரை நிறுத்தி வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். நடந்துபோகிறவரை யோசிக்கவில்லை.

---

பேராதனைப் பட்டதாரி – ஞாயிறு, முற்பகல் 10:10

நான் இன்னும் காண்ட் பக்கம்தான். அறிவு போதாமல் நிற்கிறது என்று அறிவதும் அறிவின் வேலைதானே ஐயா, அதை அவ்வளவு இலேசில் கடந்துபோக முடியாது என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு வித்தியாசம் உண்மையாகவே இருக்கிறது. பர்க்குக்குத் தூரம் வேண்டும், காண்டுக்குப் பாதுகாப்பு வேண்டும். தொல்காப்பியரின் மருட்கைக்கு இந்த இரண்டு நிபந்தனையும் இல்லை. நானா முதலில் கேட்ட கேள்வி அங்கே எழவே எழாது.

---

கொச்சிக்கடையான் – ஞாயிறு, முற்பகல் 10:35

நிபந்தனை இல்லாததற்குக் காரணமும் அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது தம்பி. ஓடவேண்டிய நேரத்துக்கு அச்சம் என்று தனி இடம் வைத்தாயிற்று. மருட்கை அதைத் தேய்த்து இன்பமாக்க வேண்டிய வேலை இல்லை. என் கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்த வெள்ளி பிரதோஷம் இல்லை, கோயிலில் கூட்டம் குறைவாக இருக்கும். யாராவது வருவதென்றால் மத்தியானப் பூசைக்கு முன் வாருங்கள், அந்த நேரத்து வெயிலில்தான் வாசலின் மாற்றம் முழுதாகத் தெரியும். பட்டதாரித் தம்பியும் வரட்டும், உள்ளே தூண் வரிசைக்கு நடுவில் நின்று காண்டின் பக்கம் இன்னும் பேசலாம்.